ஒரு டாங்கிப் படையின் போர் வரலாறு எங்கே இருக்கிறது?

1971 டிசம்பர் 16 என்றால் நம்மில் பலருக்கு டாக்காவில் நடந்த சரணடைவுதான் ஞாபகம் வரும். அதே நாளில் மேற்கு எல்லையில் இன்னொரு சண்டை உச்சத்தில் இருந்தது. பாகிஸ்தானின் ஷக்கர்கர் பகுதியில், பசந்தர் என்ற ஆற்றைக் கடந்திருந்த இந்தியாவின் பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட், எதிரே வந்த பாட்டன் டாங்கிகளோடு மோதியது. அதில் உயிரிழந்த 21 வயது செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பாலுக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது. அவர் பெயரும், 'ஃபமகுஸ்தா' என்ற அவருடைய டாங்கியின் பெயரும் இன்றைக்கும் பேசப்படுகின்றன.

அந்த டாங்கிக்குள் அவர் தனியாக இல்லை. ஓட்டியவர் பிரயாக் சிங். பீரங்கியைச் சுட்டவர் நத்து சிங். குண்டு நிரப்பி, வயர்லெஸ்ஸையும் கவனித்துக்கொண்டவர் நந்த் சிங். மூவரும் சவார்கள், அதாவது குதிரைப்படை மரபில் வந்த ரெஜிமென்ட்களின் சிப்பாய்கள். அருண் கேத்தர்பாலைத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் இந்த மூன்று பெயர்களைக் கேட்டிருப்பார்கள்?

ஒரு படைப்பிரிவின் போர் வரலாற்றைக் காப்பது என்றால் அதன் வீரக்கதைகளைக் காப்பது என்று பொதுவாக நினைக்கிறோம். வீரக்கதை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்குச் சிலை வைப்பார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள், படம்கூட எடுப்பார்கள். அதைச் சுற்றி நடந்தவைதான் முதலில் காணாமல் போகின்றன: பெட்ரோல் லாரி எப்போது வந்து சேர்ந்தது, எந்த டாங்கி சேற்றில் மாட்டியது, யார் யார் எங்கே நின்றார்கள், உத்தரவு எத்தனை மணிக்கு வந்தது. அவை போய்விட்டால் வீரக்கதையே காற்றில் தொங்கும். ஏன் அந்த இடத்தில் ஒரு 21 வயதுப் பையன் நின்று சண்டை போட வேண்டியிருந்தது என்பதற்கு விடை அவற்றில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு டாங்கி ரெஜிமென்ட் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். இந்திய ராணுவத்தில் ஒரு ரெஜிமென்டுக்கு வழக்கமாக 45 டாங்கிகள். மூன்று ஸ்குவாட்ரன்கள், ஒவ்வொன்றிலும் 14. மீதி மூன்று தலைமையகத்துக்கு. ஸ்குவாட்ரனுக்குள் நான்கு ட்ரூப்கள், ட்ரூப்புக்கு மூன்று டாங்கிகள். ஸ்குவாட்ரன் தலைமையில் இரண்டு. பூனா ஹார்ஸ் அப்போது வைத்திருந்த செஞ்சூரியன் டாங்கிக்கு நான்கு பேர் என்றால், டாங்கிகளுக்குள் இருப்பவர்கள் மட்டும் சுமார் 180 பேர். அவர்களுக்குப் பின்னால் எரிபொருள், குண்டு, சாப்பாடு கொண்டுவரும் வண்டிகளின் வரிசை. பழுது பார்க்கும் இ.எம்.இ. என்ற ராணுவப் பிரிவின் ஆட்கள், டாக்டர், சமையல்காரர்கள், கிளார்க்குகள். இத்தனை பேருக்கும் அந்த ஒரே நாள் வேறு வேறு நாளாக இருந்திருக்கும்.

அப்படியானால் எந்த நாளை எழுதி வைப்பது? ராணுவம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் பெயர் வார் டயரி. டயரி என்றதும் யாரோ மனம்விட்டு எழுதியது என்று எண்ண வேண்டாம். நேர்மாறாக, மிகவும் வறண்ட ஒரு படிவம் அது. பிரிட்டிஷ் காலத்திலிருந்து வந்த அமைப்பு: இடம், தேதி, மணி, நடந்ததன் சுருக்கம், இணைப்புகளுக்கான குறிப்பு. சண்டைக் காலத்தில் ஒவ்வொரு யூனிட்டும் இதை எழுதியாக வேண்டும். பெரும்பாலும் அட்ஜுடன்ட்டோ (கமாண்டிங் ஆபீசரின் நிர்வாக உதவி அதிகாரி) உளவுத் தகவல் அதிகாரியோ எழுதுவார், கமாண்டிங் ஆபீசர் கையெழுத்துப் போடுவார். உத்தரவு நகல்கள், வரைபடங்கள், இழப்புப் பட்டியல்கள் ஆகியவை இணைப்பாகப் போகும். வரலாற்று ஆசிரியருக்கு டயரியைவிட இந்த இணைப்புகள்தான் பல நேரம் தங்கம். ஏனென்றால் டயரி பிறகு எழுதப்படுவது, இணைப்புகள் அந்த நேரத்திலேயே பிறந்தவை.

டயரி எப்போது எழுதப்படும் என்று யோசித்துப் பாருங்கள். குண்டு விழும்போது யாரும் படிவம் நிரப்புவதில்லை. சண்டை ஓய்ந்தபின், இரவிலோ இரண்டு நாள் கழித்தோ, தூக்கமில்லாத ஓர் அதிகாரி வயர்லெஸ் லாகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறார். லாக் என்பது கமாண்ட் வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர், யார் யாரைக் கூப்பிட்டார், என்ன சொன்னார் என்று நேரம் போட்டுக் கிறுக்கி வைக்கும் நோட்டு. சண்டை சூடுபிடிக்கும்போது ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவார்கள். ஆபரேட்டருக்குக் கை இரண்டுதான். எனவே மிக முக்கியமான அரைமணி நேரத்தில்தான் லாகில் எழுத்து மெலிந்திருக்கும். ஒன்றுமே நடக்காத மதியத்துக்கு ஒரு பக்கம் முழுக்க இருக்கும். இது டாங்கிப் படைக்கு மட்டுமே உள்ள சிக்கல் அல்ல. ஆனால் டாங்கிச் சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் இங்கே இது ரொம்பவே உறைக்கும்.

அருண் கேத்தர்பாலின் கடைசி வயர்லெஸ் வார்த்தைகளை எல்லோரும் சொல்வார்கள். டாங்கி தீப்பிடித்துவிட்டது, விட்டுவிட்டு வெளியே வா என்று உத்தரவு வருகிறது. முடியாது, என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று பதில் போகிறது. அந்தக் காலத்தில் ரெஜிமென்ட் வயர்லெஸ்ஸில் பேசுவதை டேப்பில் பிடிப்பது வழக்கம் இல்லை. இது நம்மை வந்து சேர்ந்தது அந்த அலைவரிசையில் காதை வைத்திருந்தவர்கள் வழியாக. அதனால் பொய்யாகிவிடாது. டாங்கிப் படையில் ஒருவர் பேசுவதை அதே அலைவரிசையில் இருக்கிற எல்லாரும் கேட்பார்கள், சாட்சிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் சொல்லுக்குச் சொல் அப்படியேதானா என்று கேட்டால், உறுதி சொல்ல முடியாத ஒரு சிறு இடைவெளி அங்கே உண்டு. நல்ல வரலாற்று ஆசிரியர் அந்த இடைவெளியை மறைக்க மாட்டார்.

அடுத்தது விருதுக்கான சைட்டேஷன். இந்த வீரருக்கு இந்த விருது ஏன் தரப்படுகிறது என்று அரசு வெளியிடும் பத்தி அது. பல ரெஜிமென்ட்களைப் பற்றிப் பொதுமக்கள் கையில் எளிதாகக் கிடைக்கும் ஒரே சமகால ஆவணம் இதுதான். கேத்தர்பாலின் சைட்டேஷன் சில விஷயங்களைத் துல்லியமாகவே சொல்கிறது. அவர் 'ஏ' ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். ஜர்பாலில் எதிர்த் தாக்குதலைச் சமாளித்துக்கொண்டிருந்த 'பி' ஸ்குவாட்ரன் உதவி கேட்டபோது, வயர்லெஸ்ஸில் அதைக் கேட்டுத் தானாக முன்வந்து தன் ட்ரூப்போடு போனார். அடுத்து நடந்த சண்டையில் எதிரியின் பத்து டாங்கிகள் அழிந்தன, அவற்றில் நான்கு அவர் அழித்தவை. பிற்காலத்தில் எழுதப்பட்ட கட்டுரைகளைப் பாருங்கள், சிலவற்றில் பத்துமே அவர் கணக்கில் ஏறியிருக்கும். யாரும் வேண்டுமென்று செய்தது இல்லை. கதை வாய்மாறி வாய்மாறிப் போகும்போது பக்கத்து டாங்கிகள் உதிர்ந்து, ஒரே ஆள் மிஞ்சுகிறார். மற்ற ஆறு டாங்கிகளைச் சுட்டவர்கள் எங்கே போனார்கள்? பழைய தாளைக் கையில் வைத்திருந்தால்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடியும்.

சைட்டேஷனுக்கும் ஒரு சாய்வு உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். அது விருது வாங்கித் தருவதற்காக எழுதப்படும் பரிந்துரையிலிருந்து வருவது. தளபதி போட்ட திட்டம் சரியா தவறா, ஏன் ஓரிடத்தில் டாங்கிகள் குறைவாக இருந்தன என்றெல்லாம் அதில் வராது.

இப்போது எதிர்ப்பக்கம். பசந்தரில் பூனா ஹார்ஸை எதிர்த்தவர்களில் 13 லான்சர்ஸ் என்ற பாகிஸ்தான் ரெஜிமென்ட் முக்கியமானது. இரண்டு நாட்டுக் கணக்குகளையும் அருகருகே வைத்தால் அழிந்த டாங்கிகளின் எண்ணிக்கை ஒத்துப்போகாது. வழக்கமான விஷயம்தான். சுட்டவன் பார்வையில் புகை கிளம்பினால் ஒரு டாங்கி போயிற்று. ஆனால் அதன் சொந்த ரெஜிமென்ட் அதை இரவில் இழுத்துப்போய், சங்கிலியை மாற்றி, மறுநாள் ஓட்டி வந்திருக்கலாம். ஒரே டாங்கியை மூன்று பேர் சுட்டு, மூன்று பேரும் தனித்தனியே எண்ணியிருக்கலாம். இதைத் தீர்க்கிற ஆவணம் வீரர்களிடம் இருக்காது, பழுது பார்ப்பவர்களிடம் இருக்கும். எந்த எண் டாங்கி எந்த நிலையில் வந்தது, மீட்க முடிந்ததா, கைவிடப்பட்டதா என்ற ஒர்க்ஷாப் கணக்கு. சலிப்பூட்டுகிற தாள், யாரும் சட்டம் போட்டு மாட்டாதது. என்னைக் கேட்டால் ஒரு டாங்கி ரெஜிமென்டின் ஆவணங்களில் முதலில் காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.

இரு தரப்பையும் ஒப்பிடும்போது புதிதாக வருபவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: கடிகாரம். இந்திய நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். மேற்குப் பாகிஸ்தான் நேரம் ஐந்து மணிதான். இந்திய டயரியில் காலை 8:00 மணி என்றிருக்கும் தாக்குதல், எதிர்த் தரப்பில் 7:30 என்று பதிவாகியிருக்கும். இதை மறந்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரே தாக்குதல் இரண்டாகத் தெரியும். அல்லது எதிரி வருவதற்கு முன்பே நாம் சுட ஆரம்பித்துவிட்டது போலத் தோன்றும். டாங்கிச் சண்டையில் அரைமணி நேரம் என்பது ஒரு முழுக் காலம். ஊர்ப் பெயர்களிலும் இதே தொல்லை. 1965 போரில் பூனா ஹார்ஸின் கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் ஏ.பி. தாராபூர் உயிரிழந்த பகுதியை ஒருவர் புத்தூர் டோக்ராண்டி என்பார், இன்னொருவர் புட்டர் டோக்ராண்டி என்பார். தேடுபவர் இரண்டு எழுத்துக்கூட்டிலும் தேட வேண்டும். (அவருக்கும் பரம் வீர் சக்ரா. இந்திய டாங்கிப் படை முழுமைக்கும் கிடைத்த இரண்டு பரம் வீர் சக்ராக்களும் இந்த ஒரே ரெஜிமென்டுக்குத்தான்.)

டாங்கிகள் தனியாகப் போருக்குப் போவதும் இல்லை. பசந்தரில் முதலில் ஆற்றைக் கடந்து இடம் பிடித்தது காலாட்படை. பின்னால் டாங்கி வருவதற்கு, எதிரி புதைத்துவைத்த கண்ணிவெடிகளை எடுத்துப் பாதை போட்டது இன்ஜினியர்கள். அந்தப் பாதை முழுதாக முடியும் முன்பே, பூனா ஹார்ஸின் கமாண்டிங் ஆபீசர் ஹனுத் சிங்கின் முடிவுப்படி, இரவில் டாங்கிகள் கண்ணிவெடி நிலத்துக்குள் இறங்கின. காலாட்படையில் 16வது மெட்ராஸ் பட்டாலியனும் இருந்தது. அதன் கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் அந்தச் சண்டையில் உயிரிழந்து, மகாவீர் சக்ரா பெற்றார். பூனா ஹார்ஸ் ஆற்றைத் தாண்டி எப்போது வந்து சேர்ந்தது என்று தெரிய வேண்டுமா? டாங்கிக்காரர்களின் டயரியைவிட காலாட்படைக்காரர்களின் டயரியைப் பாருங்கள். எதிரி டாங்கி உறுமுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பதுங்குகுழியில் கிடப்பவனுக்குத் தன் பக்க டாங்கி வருகிற நேரத்தைவிட முக்கியமான நேரம் வேறென்ன? தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் குடும்பங்களில், வடநாட்டு டாங்கி ரெஜிமென்ட் ஒன்றின் வரலாற்றுத் துண்டுகள் இப்படித்தான் கிடக்கக்கூடும்.

வாய்மொழி நினைவுக்கு வருவோம். இது மிகவும் ருசியானது, மிகவும் ஆபத்தானதும்கூட. செஞ்சூரியனுக்குள் டிரைவர் முன்பக்கம் கீழே. மேலே டரட்டில் (பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்பகுதி) பீரங்கிக்கு வலப்புறம் அதைச் சுடும் கன்னரும் அவர் பின்னால் கமாண்டரும், இடப்புறம் குண்டு நிரப்பும் லோடர். கன்னர் பார்ப்பது தொலைநோக்கி காட்டும் வட்டத்தை மட்டும். லோடருக்கு வெளியே அநேகமாக எதுவும் தெரியாது, குண்டும் புகையும்தான். கமாண்டர் தலையை வெளியே நீட்டினால் எல்லாம் தெரியும், அப்படி நீட்டினால் அவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஒரே தெருச் சண்டையை நாலு வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள் சொல்வது போலத்தான் நான்கு பேர் நினைவும் இருக்கும். அதோடு, எல்லோர் காதிலும் வயர்லெஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது வருடம் கழித்துக் கேட்கும்போது, கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது, பின்னாளில் மெஸ்ஸில் நண்பர்கள் சொல்லிச் சொல்லித் தன்னுடையதாகிவிட்டது எது என்று சொல்பவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அதனால் நேர்காணல் செய்பவர் "உங்கள் வீர அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிக்கக் கூடாது. அப்படிக் கேட்டால் இருபது தடவை சொல்லித் தேய்ந்த கதைதான் வரும். டாங்கிக்கு என்ன பெயர்? உங்கள் இடம் எது? அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாக எங்கே எரிபொருள் போட்டீர்கள்? வெயில் முகத்தில் அடித்ததா, முதுகிலா? இப்படிக் கேட்டால் நினைவு வேறு வாசலைத் திறக்கும். வெயில் எந்தப் பக்கம் என்பது சும்மா கேட்பது அல்ல. அதிலிருந்து டாங்கி எந்தத் திசை பார்த்து நின்றது, நேரம் என்ன என்று இரண்டையும் உத்தேசமாகக் கணக்கிடலாம். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து ஆறு, மரம், கிராமம், டாங்கிகள் என்று வரையச் சொல்லுங்கள். வாயால் சொல்லத் தடுமாறுகிறவர்கள்கூடக் கையால் சரளமாக வரைந்துவிடுவார்கள்.

எதிரியின் நினைவும் சில நேரம் வந்து சேரும். 2001ல் அருணின் தந்தை, ஓய்வுபெற்ற பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பால், தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். அப்போது வயது 81. லாகூரில் அவரை வீட்டில் வைத்து உபசரித்தவர் க்வாஜா முகமது நாசர் என்ற ஓய்வுபெற்ற பிரிகேடியர். ஊர் திரும்பும் முன் அவர் சொன்னார்: 1971ல் 13 லான்சர்ஸில் இருந்தேன், உங்கள் மகனை எதிர்த்து நின்றவன் நான்தான், அவர் என் கையால்தான் இறந்தார். முப்பது வருடம் கழித்து ஒரு சாட்சியம் ஒரு வீட்டுக் கூடத்தில் வெளிவந்தது. மனதை உலுக்குகிற சம்பவம்தான். ஆனாலும் வரலாற்று ஆசிரியர் இதையும் மற்றச் சாட்சியங்களைப் போலவே பக்கத்துத் தாள்களோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். கேட்கிறவர் கண் கலங்கினார் என்பதற்காக ஒரு சாட்சியத்துக்கு மதிப்பெண் கூடுவதில்லை.

தாளும் பேச்சும் போக, இரும்பு இருக்கிறது. ஃபமகுஸ்தா பிற்பாடு சீர்செய்யப்பட்டு, அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்) டாங்கிப் படையின் பயிற்சி மையத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதே ஊரில் 1994ல் தொடங்கிய டாங்கி அருங்காட்சியகமும் உண்டு. பழைய டாங்கியைப் பளபளவென்று பெயின்ட் அடித்து மேடையில் ஏற்றி வைப்பது நம் ஊர் வழக்கம். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. குண்டு துளைத்த விளிம்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, துளை எந்தக் கோணத்தில் போயிருக்கிறது, முதலில் அடித்த நிறத்துக்கு மேல் என்ன நிறம், எண்கள் எங்கே எழுதப்பட்டிருந்தன ஆகிய எல்லாமே சாட்சியம். தேய்த்துச் சுத்தம் செய்து, ஓட்டையை அடைத்து, புதுப் பச்சை அடித்தால் சாட்சியம் அழிந்து சிலை மிஞ்சும். குறைந்தபட்சம் தேய்ப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட வேண்டும். திறந்த வெளியில் நிற்கும் டாங்கிக்கு முதல் எதிரி மழை. மேல் மூடிகள் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே தேங்கும், கீழே உள்ள வடிகால் துளை இலையால் அடைபட்டிருக்கும், வெளியே கம்பீரமாகத் தெரியும்போதே உள்ளே துரு தின்னும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பழைய ராணுவ வண்டிகளின் மீட்டர் முட்களில் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசியிருப்பார்கள், சில பாகங்களில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும். இரண்டும் உடலுக்கு ஆபத்தானவை, ஆர்வத்தில் யாரும் நோண்டிவிடக் கூடாது.

ரெஜிமென்டின் வரலாறு டாங்கி வந்தபோது தொடங்குவதும் இல்லை. பூனா ஹார்ஸின் வேர் 1817க்குப் போகிறது. பிறகு அதோடு இணைந்த பம்பாய் குதிரைப்படை ஒன்று 1857ல் பாரசீகத்தில் குஷாப் என்ற இடத்தில் கைப்பற்றிய கொடிக்கம்பத்தின் உச்சியில் இருந்த வெள்ளிக் கை உருவம் இன்றும் ரெஜிமென்டின் பெருமைச் சின்னம். முதல் உலகப் போரில் பிரான்ஸில் குதிரையை விட்டிறங்கி, பதுங்குகுழியில் நின்று போரிட்டது. அந்தக் காலத்து வார் டயரிகள் லண்டனில் க்யூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதல் உலகப் போர் யூனிட் டயரிகளைத் தேட 'டபிள்யூ.ஓ. 95' என்ற வரிசை எண்ணைப் போட வேண்டும். நிறைய பக்கங்கள் டிஜிட்டலாகவும் கிடைக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், 1914ல் நம் ரெஜிமென்ட் என்ன செய்தது என்பதை வீட்டிலிருந்தே படித்துவிடலாம். 1971ல் என்ன செய்தது என்பதற்கு அந்த வசதி இல்லை.

1947ல் இந்த ஆவணங்களுக்கு இன்னொரு வெட்டும் விழுந்தது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 18 குதிரைப்படை ரெஜிமென்ட்களில் 12 இந்தியாவுக்கும் 6 பாகிஸ்தானுக்கும் போயின. ரெஜிமென்ட்களுக்கு உள்ளேயும் மத வாரியாக ஸ்குவாட்ரன்கள் இடம் மாறின. 13 லான்சர்ஸ் அப்படிப் பாகிஸ்தான் பங்குக்குப் போனது. ஒரே ராணுவத்தில், ஒரே மேலிடத்துக்கு டயரி எழுதி அனுப்பிக்கொண்டிருந்த இரண்டு ரெஜிமென்ட்கள் 24 வருடம் கழித்துப் பசந்தரில் எதிரெதிரே நின்றன. தாத்தா ஒரு நாட்டு ரெஜிமென்டில் இருந்தார் என்று தேடப்போனால், அவர் ஸ்குவாட்ரனின் தொடர்ச்சி அடுத்த நாட்டில் இருக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆவணங்களின் நிலையைப் பேசினால் கொஞ்சம் கோபம் வராமல் இருக்காது. 1962, 1965, 1971 போர்களின் அதிகாரபூர்வ வரலாறுகளைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு 1992 வாக்கில் எழுதி முடித்தது. ஆனால் பல ஆண்டுகள் வெளியிடவில்லை. 2000ல் 1971 போர் வரலாறு ஒரு நாளிதழின் இணையதளத்தில் கசிந்தது. கொல்கத்தாவில் உள்ள கிழக்குப் பிராந்தியத் தலைமையகத்தில் 1971 போர் ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010ல் பத்திரிகைச் செய்தி வந்தது. கார்கில் போருக்குப் பிறகு அமைந்த மறுஆய்வுக் குழு, போர் வரலாறுகளை எழுதி வெளியிட வேண்டும் என்று வலியுறுத்தியது. கடைசியில் 2021 ஜூனில் அமைச்சகம் ஒரு கொள்கை அறிவித்தது. வார் டயரி உள்ளிட்ட ஆவணங்களை யூனிட்கள் வரலாற்றுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். போர் முடிந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வரலாறு தொகுக்கப்பட வேண்டும். 25 ஆண்டு கடந்த ஆவணங்களைப் பொதுவாக ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும். காகிதத்தில் நல்ல கொள்கை.

இந்த வெற்றிடத்தை நிரப்ப, ரெஜிமென்ட்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதிக்கொள்கின்றன. பூனா ஹார்ஸின் வரலாற்றை எழுதியவர் பசந்தரில் அதற்குத் தலைமை தாங்கிய ஹனுத் சிங்கேதான். பிறகு லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்தவர். களத்தில் முடிவெடுத்தவரே எழுதும்போது வெளியாளுக்குத் தெரியாத நுணுக்கம் கிடைக்கும். அதே சமயம் தன் முடிவை ஒருவர் எவ்வளவுதான் குறுக்கு விசாரணை செய்வார்? இரண்டையும் மனதில் வைத்துப் படிக்க வேண்டியதுதான்.

நம் பக்கத்து வீடுகளுக்கு வருவோம். தென்னிந்திய வீரர்கள் நிறைந்த டாங்கி ரெஜிமென்ட்களும் இந்திய ராணுவத்தில் உண்டு. 1776ல் ஆற்காட்டு நவாபின் படையில் பிறந்த 16 லைட் கேவல்ரி அவற்றில் மூத்தது. பர்மாவில் 1945ல் மெய்க்டீலா சண்டையில் இருந்தது, 1965ல் சியால்கோட் பகுதியில் போரிட்டது. வேலூர், திருவண்ணாமலை பக்கம் ராணுவக் குடும்பம் இல்லாத ஊர் அரிது. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது அவருடைய டிஸ்சார்ஜ் புக். சேர்ந்த தேதி, யூனிட், பணியாற்றிய இடங்கள், மெடல்கள் எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் மெடல்களைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பிலோ பின்புறத்திலோ எண், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். எந்த மெடல் என்பதே ஒரு தகவல்: பஷ்சிமி ஸ்டார் என்றால் 1971ல் மேற்கு முனை, பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு, சமர் சேவா ஸ்டார் என்றால் 1965. மெடலுக்குப் பாலிஷ் போட வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்து போய்விடும்.

போட்டோக்களை லாமினேட் செய்யாதீர்கள், ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டாதீர்கள். பின்புறம் மென்மையான பென்சிலால் இடமிருந்து வலம் யார் யார் என்று எழுதுங்கள். பெயர் தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால் அது வெறும் சீருடைக்காரர்கள் படம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் பிரதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் பிரதி ஆகாது, அது சுருங்கிப்போன படம்.

'சீக்ரெட்', 'ரெஸ்ட்ரிக்டட்' என்று முத்திரை குத்திய தாள் பெட்டியில் கிடைத்தால் அதை இணையத்தில் ஏற்றிவிட வேண்டாம். எத்தனை வருடப் பழசானாலும் அதன் ரகசியத்தை நீக்குவது அரசின் வேலை, நம் வேலை அல்ல. தனிப்பட்ட கடிதம், போட்டோ, நோட்டு ஆகியவற்றில் இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை, இருந்தாலும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு வெளியிடுவது நல்லது. டெல்லியில் உள்ள யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷனில் ராணுவ வரலாற்றுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. டாங்கிப் படையினரின் பணிப் பதிவுகள் அகமதுநகரில் உள்ள ஆர்மர்ட் கோர் ரெக்கார்ட்ஸில் இருக்கின்றன. எங்கே எழுதுவது என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். எங்கே கொடுத்தாலும் முதலில் ஸ்கேனைக் கொடுங்கள். அசலைக் கொடுப்பதாக இருந்தால் என்னென்ன கொடுத்தோம் என்று பட்டியல் போட்டு, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.